வாசல் நாய்க்கு வைத்தியம் எதற்கு?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வாழவந்தி நாடு, கொல்லிமலை)

மலர்க் குழு நண்பர்கள் இந்த வருஷமும் நோட்டீஸ் போர்டில் தலைப்புகளை எழுதி ஒட்டினார்கள். 'டிப்ளமோ மாணவனும் வேலைவாய்ப்பும்', 'தொழில்நுட்பமும் சமுதாயமும்', 'நேரம் பொன் போன்றது'... எல்லாம் நல்ல தலைப்புகள்தான். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேராவது எழுதிவிடுவார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு கிழட்டு நாயைப் பற்றி. சிரிக்காதீர்கள் நண்பர்களே! ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

என் ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் எங்கள் ஊர்க் காற்று முகத்தில் படும். டூர் வருகிறவர்கள் ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு அன்னாசிப்பழத்தோடு இறங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. வந்திருந்தால் மணி குரைத்திருப்பான்.

மணி எங்கள் வீட்டு நாய். (தமிழ்நாட்டில் பாதி நாய்க்கு மணி என்றுதான் பேர். நாய்க்குப் பேர் வைப்பதில் நாம் படு சிக்கனம்.) நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா யார் வீட்டிலிருந்தோ துண்டில் சுற்றி எடுத்து வந்த குட்டி. சாதி நாய் ஒன்றுமில்லை. செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். அவன் வேலை குச்சிக்கிழங்குக் காட்டுக் காவல். மலையில் விவசாயம் பண்ணுகிறவனுக்குக் காட்டுப்பன்றி என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது பாத்தி பாத்தியாகத் தோண்டிப் போட்டிருக்கும். பத்து மாசப் பாடு ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். காவல் குடிசையில் அப்பா, வெளியே மணி. ஒரு தடவை பன்றி அவன் தொடையைக் கிழித்துவிட்டது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆயா ஆற்றினாள். பத்தாம் நாள் மறுபடி காட்டுக்குப் போய்விட்டான்.

இப்படிப் பதின்மூன்று வருஷம்.

நாம் மேனேஜ்மெண்ட் பாடத்தில் தேய்மானம் படிக்கிறோம் அல்லவா? வாங்கின விலையிலிருந்து கழிவு விலையைக் கழித்து, உழைக்கிற வருஷத்தால் வகுத்தால் ஒரு வருஷத் தேய்மானம் வந்துவிடும். இரண்டு மதிப்பெண் கேள்வி. லேத்துக்கு அது சரி. ஆயுள் முடிந்தால் ஏலம் விட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம். மணி விஷயத்தில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். வாங்கின விலை பூஜ்யம். கழிவு விலையும் பூஜ்யம். விடையும் பூஜ்யம்! அதாவது கணக்குப்படி மணி என்று ஒருவன் இருக்கவே இல்லை. ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆளைப் போட்டு 13 வருஷம் கூலி கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான்.

போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாசம், ஓரி விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மணி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான். வயசான இடுப்பு, மலைக்குளிர் வேறு. பார்க்கப் பொறுக்கவில்லை. ஹாஸ்டலில் வாலிபால் ஆடிக் கால் பிசகினபோது எனக்கு வாங்கின வலி மாத்திரை பையில் மிச்சம் இருந்தது. ஐபுப்ரோஃபென், 400 மில்லிகிராம். மனுஷனுக்குக் கேட்கிற மாத்திரை நாய்க்குக் கேட்காதா? களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மூன்று நாள். முதல் நாள் நன்றாகத்தான் நடந்தான். ஆயாவிடம் பெருமையாகக் காட்டினேன். நாலாம் நாள் வாந்தி எடுத்தான், கறுப்பாக வெளிக்குப் போனான். 'எதையோ தின்னுருப்பான்' என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

அதே நாட்களில் இன்னொன்றையும் பார்த்திருந்தேன், கவனிக்கவில்லை. மணி தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான். மாட்டுத் தொட்டியில் தலையை விட்டால் எடுப்பதே இல்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போனான். ஆயா, 'கெழவனுக்குச் சூடு, தண்ணி குடிக்கட்டும்' என்றாள். வயசான நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போனால் சிறுநீரகத்தைச் சந்தேகப்படணும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. வீட்டில் நாய் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பாவின் போன். மணி சாப்பிடுவதில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, ஊரில் வெறி பிடித்துவிட்டது என்கிறார்கள், தடியோடு நாலு பேர் வந்து நிற்கிறார்கள் என்றார். ஊர்க்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். வெறிநாய்க்கடி வந்தபின் வைத்தியம் கிடையாது, சாவுதான். குழந்தைகள் இருக்கிற இடம், பயப்படாமல் என்ன செய்வார்கள்? அன்றைக்கு மணியைக் காப்பாற்றியது நானும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒரு அட்டை! வருஷா வருஷம் தடுப்பூசி போட்ட அட்டையை ஆயா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அதைக் காட்டி, சங்கிலியில் கட்டித் தனியாக வைத்து, கால்நடை மருந்தக டாக்டரைக் கூட்டி வந்து காட்டினார்கள். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு வாயைத் திறந்து பார்த்தாராம். ஈறெல்லாம் புண். ஒரு மாதிரி மூத்திர வாடை. 'இது வெறி மாதிரி தெரியலீங்க, கிட்னி மாதிரி இருக்கு. பத்து நாள் யாரும் கிட்டப் போகாம பாருங்க. அதுக்குள்ள நாமக்கல் கொண்டுபோய் ரத்தம் பாத்துருங்க' என்றார்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். அன்றைக்குப் பல ஊர்களில் கால்நடைத் துறையே இலவசமாக ஊசி போடுகிறது. உங்கள் வீட்டு நாய்க்கு நீங்கள் செய்கிற முதல் வைத்தியம் அதுவாக இருக்கட்டும். அந்த அட்டை இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் மீதிப் பாதி இல்லை.

நாமக்கல் போவது என்றால் சும்மாவா? நாயை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்கள்! பலாப்பழ லோடு இறங்கிப் போன ஒரு குட்டியானையில் அப்பாவும் மணியும் உட்கார்ந்து 70 வளைவும் இறங்கி, சேந்தமங்கலம் வழியாக லத்துவாடிக்குப் போனார்கள். நான் ஹாஸ்டலிலிருந்து நேரே அங்கே போய்விட்டேன். 1985இல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி அது. நாமக்கல் என்றால் முட்டை, லாரி, ஆஞ்சநேயர் என்று மட்டும் நினைத்திருந்தேன். மாடு, ஆடு, கோழியோடு நாய்க்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கிற இடம் பக்கத்திலேயே இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ரத்தத்தில் கிரியாட்டினின் 4.1. நாய்க்கு ஏறக்குறைய ஒன்றரைக்குள் இருக்கவேண்டியது. ஒரு இளம் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். நம்ம டிரேடு ஆட்களுக்கு நான் நம்ம பாஷையில் சொல்கிறேன். சிறுநீரகம் ஒரு ஃபில்டர். ஆயில் ஃபில்டர் அடைத்தால் கழற்றி மாற்றலாம். இதில் நெஃப்ரான் என்று லட்சக்கணக்கில் நுண்ணிய வடிகட்டிகள். ஒன்று செத்தால் மறுபடி முளைக்காது, பக்கத்தில் இருப்பது அதன் லோடையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் வெளியே தெரிவதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி நமக்குத் தெரிய வரும்போது முக்கால் பங்கு போய்விட்டிருக்கும். மிச்சக் கால் பங்கில்தான் வண்டி ஓடுகிறது.

மாத்திரை கொடுத்ததை நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'மனுஷ வலி மாத்திரை நாய்க்குக் குடுக்கக் கூடாதுப்பா' என்றார். அந்த வகை மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும்; சிறுநீரகத்துக்கு ஓடுகிற ரத்தத்தையும் குறைக்கும். நல்ல சிறுநீரகமாக இருந்தால் ஒருவேளை தாங்கும். முதுமையில் ஏற்கெனவே தேய்ந்துபோனதை நான் பிடித்துத் தள்ளிவிட்டேன். 'நீ குடுக்கலைன்னாலும் இது வந்திருக்கும். எப்பன்னுதான் தெரியாது' என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த 'எப்பன்னுதான்' இன்னும் என் காதில் இருக்கிறது.

இதே குடும்பத்து மாத்திரைதான் டைக்ளோஃபெனாக். நம் நாட்டில் வானத்தை மறைத்துப் பறந்த கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், ஏன் காணாமல் போயின என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, கூட்டம் கூட்டமாகச் செத்தன என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் இந்தியாவில் மாட்டு வைத்தியத்துக்கு அது தடை செய்யப்பட்டது. நல்ல எண்ணத்தில் கொடுத்த மருந்துதான் அதுவும். என்னைத் தேற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. 'ஏதோ நல்லதுக்குத்தானே கொடுத்தேன்' என்பது சிறுநீரகத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். வந்த அன்றைக்கே திண்ணையில் பஞ்சாயத்து. பெரியப்பா சொன்னார்: 'மனுஷனுக்கே ஆஸ்பத்திரிக்கு 70 வளைவு எறங்க வேண்டியிருக்கு. இதுல நாய்க்கு வைத்தியமா? ரெண்டாயிரம் செலவாம்ல! அந்தக் காசுக்குப் பையனுக்கு செமஸ்டர் பீஸ் கட்டலாம்.' இன்னொருத்தர் இன்னும் எளிய வழி சொன்னார்: 'சாக்குல போட்டுக் கீழ கொண்டுபோயி எங்கியாச்சும் எறக்கி விட்டுட்டு வந்துருங்க.'

நண்பர்களே, இந்த இரண்டு பேச்சையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

பெரியப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணுக்கு வளைவிலேயே வலி கண்ட கதை எங்கள் மலையில் நிறைய உண்டு. எவ்வளவு செலவழிப்பது என்பதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எல்லை இருக்கும், அதை வெளியாள் தீர்மானிக்கக்கூடாது. பெரிய நகரங்களில் நாய்க்கு டயாலிசிஸ் செய்கிறார்களாம். அதைச் செய்யாதவன் பாவி என்று நான் சொன்னால் என்னைப் போன்ற மடையன் வேறு யாரும் இல்லை. அப்பாவும் அன்றைக்கே சொல்லிவிட்டார், 'மாசம் ஐந்நூறு, அதுக்கு மேல என்னால முடியாது' என்று. அது கருமித்தனம் இல்லை, நேர்மை.

இரண்டாவது ஆள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதில் செலவு மிச்சம் மட்டும் இல்லை. கண்ணுக்கு மறைவாகப் போய்ச் சாகட்டும் என்கிற கோழைத்தனம் இருக்கிறது. எங்கள் மலையில் மட்டும் என்று நினைக்காதீர்கள். கீழே இன்னும் மோசம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின ஜாதி நாய்க்குக் கட்டி வந்ததும் பைபாஸில் இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் படித்தவர்கள்தான். 1960ஆம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பட்டினியும் தாகமுமாக வதைபடும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! ஒரு பரோட்டா செட்டுக்குப் பத்தாது. சட்டத்துக்குப் பயந்து இங்கே யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. வெட்கப்பட்டு வைத்துக்கொண்டால்தான் உண்டு.

'நாய்க்கு வைத்தியம் பார்ப்பது பட்டணத்து நாகரிகம்' என்று ஒரு பேச்சும் அடிபட்டது. அதற்கு நான் லைப்ரரியில் தேடிப் படித்த இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன். 1914இல் ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் கல் உடைக்கும்போது ஒரு பழைய புதைகுழி அகப்பட்டது. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. 14,000 வருஷத்துக்கு முந்தினது. அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள்: அதற்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் வந்திருக்கிறது, யாரோ உடம்பைத் துடைத்து, தண்ணீரும் சோறும் ஊட்டாவிட்டால் அது அத்தனை வாரம் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று. ஆறேழு மாசக் குட்டி, நோயாளி. வேட்டைக்கு உதவாது, காவலுக்கு உதவாது. பட்டணம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், யாரோ ஒருத்தி (ஒருத்தன் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எனக்கென்னவோ ஆயா ஞாபகம்தான் வருகிறது) அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

இன்னொன்று நம் பக்கத்திலேயே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. தொறுப் பூசலில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்து, எஜமான் பக்கத்திலேயே காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்தக் காலத்திலேயே மணி என்று வைக்காமல் நல்ல பேராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! பைரவருக்கு மிளகு தீபம் ஏற்றுகிறோம், அந்த மிளகு எங்கள் கொல்லிமலை மிளகாகக்கூட இருக்கலாம். பைரவரின் வாகனம் மட்டும் வாசலில் சொறியோடு கிடக்கட்டுமா?

அப்புறம் ஐந்து மாசம் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. எலும்பு, கறி, கருவாடு எல்லாம் நிறுத்தினோம். பாஸ்பரஸ் குறைவாக இருக்கணும் என்பதால் களிக்குப் பதில் குழைந்த வெள்ளைச் சோறு, முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வேகவைத்த வெள்ளைக்கரு. (மஞ்சள் கரு எல்லாம் தங்கச்சிக்கு. அவள் மட்டும் அந்த ஐந்து மாசத்தில் நன்றாகத் தேறினாள்.) தண்ணீர்ச் சட்டி எந்நேரமும் நிறைந்திருக்கணும். நிறையக் குடிக்கிறான், நிறையப் போகிறான் என்று தண்ணீரைக் குறைத்தால் கொலை செய்த மாதிரி. மார்கழிக் குளிருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் இரட்டைச் சாக்கு. வாந்திக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் டாக்டர் எழுதின மாத்திரை. வாய்ப் புண்ணைத் துணியில் உப்புத் தண்ணீர் நனைத்து ஆயா ஒற்றி எடுத்தாள்.

கஷ்டமான வேலை ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றுவது. மருந்தக டாக்டர் இரண்டு தடவை செய்து காட்டினார், மூன்றாம் தடவை அப்பாவைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். விட்டத்தில் ஆணி அடித்து பாட்டிலைத் தொங்கவிட வேண்டியது. தோளுக்கு மேலே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகினால் பத்து நிமிஷத்தில் 200 மில்லி இறங்கும். முதுகில் ஒரு திமில் மாதிரி வீங்கும், சாயந்திரத்துக்குள் வடிந்துவிடும். ஊசி சுத்தமாக இருக்கணும், பாட்டிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளணும், அவ்வளவுதான். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் வாரம் பாட்டில் சரியாக இறங்கவில்லை என்று போன் பண்ணினார். 'ஆணியை இன்னும் ரெண்டு அடி மேல அடிங்கப்பா' என்றேன். இறங்கியது. ஹைட்ராலிக்ஸில் நான் இரண்டு தடவை அரியர் வைத்தவன். பிரஷர் ஹெட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

இந்த ஐந்து மாசமும் மணி எப்படி இருந்தான் என்று கேட்பீர்கள். முதல் மூன்று மாசம் நன்றாக இருந்தான் என்றுதான் சொல்லணும். மெலிந்தான், ஆனால் சாப்பிட்டான். காட்டுக்குப் போகவில்லை. நான் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினால் மடங்கின காதும் நிமிர வாசல் வரைக்கும் வருவான். எனக்கு மாத்திரை ஞாபகம் வரும். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

மார்கழி கடைசியில் சோறு இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். 'இனி ஏத்துற தண்ணி அதுக்கு இல்லீங்க, நம்ம மனசுக்குத்தான். இப்பவே தூங்க வெச்சிரலாம். யோசிச்சுச் சொல்லுங்க.' மயக்க மருந்தை அதிக அளவில் நரம்பில் ஏற்றுவது அது. முதலில் தூக்கம், பிறகு மூச்சு நிற்கும், பிறகு இதயம். வலி தெரியாது. மீளாத வேதனையில் இருக்கும் பிராணியை மருத்துவர் இப்படி முடித்துவைப்பதைச் சட்டமும் தடுக்கவில்லை. ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. 'ஊட்டுக்கு வந்த உசுரு தானாத்தான் போவணும், ஊசி போட்டு அனுப்ப நாம யாரு கண்ணு?' என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். படித்தவன் நான்தானே! 'பொங்கல் போகட்டும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்' என்றேன்.

என் இரண்டாவது தப்பு அது. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

மாட்டுப் பொங்கல் ராத்திரி மணிக்கு வலிப்பு வந்தது. ரத்தத்தில் சேர்ந்த விஷம் மூளையைத் தொட்டால் அப்படி ஆகும். ஒன்று அடங்கி அரை மணியில் இன்னொன்று. வெளியே மாடுகளின் கழுத்து மணிச் சத்தம், உள்ளே இது. டாக்டர் பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருந்தார், அவரைக் குறை சொல்ல முடியுமா? 'இப்பவே' என்று அவர் சொன்ன நாளில் நாம்தான் தள்ளிப்போட்டோம். விடிய விடிய அவன் தலை எதிலும் மோதாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு நான் யாரென்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. காணும் பொங்கல் அன்று காலையில் டாக்டர் பைக்கில் மலையேறி வந்தார். ஆயாதான் முதலில் எழுந்தாள். 'போட்டுருங்க சாமி' என்று சொல்லிவிட்டு அவன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆக, என் கட்சி இதுதான். வயசான நாய்க்குத் தீராத நோய் வந்தால் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது பெரிய விஷயமில்லை. என்ன நோய் என்று தெரிந்துகொள்ளணும். தெரியாமல் வைத்தியம் பண்ணக்கூடாது. கடைசி நாளைத் தீர்மானிக்கிற வேலையைக் காட்டிடமோ, ரோட்டிடமோ, பொங்கலிடமோ விட்டுவிடக்கூடாது. ஆயா இதை இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. 'அன்னிக்கு வலிப்பப் பாத்துத்தான் சொன்னேன். அதுக்காக முந்தியே போடணும்னு சொல்லுவியா? அந்தப் பதினஞ்சு நாள் அது என் கையால தண்ணி குடிச்சுதே' என்கிறாள். அந்தப் பதினைந்து நாள் யாருக்கு, மணிக்கா ஆயாவுக்கா என்று கேட்க வாய் வரும். கேட்பதில்லை. ஒருவேளை அவள் சொல்வதிலும் ஏதோ இருக்கலாம்.

நம் மெஸ் வாசலில் கிடக்கும் கறுப்பு நாயை எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தின பேட்ச் கொண்டுவந்து விட்ட குட்டி என்கிறார்கள். மிச்சச் சோறு போட நூறு கை இருக்கிறது. தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. போன மாசம் அதன் காதில் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. எடுக்க உட்கார்ந்தபோது இரண்டு முதலாம் ஆண்டுப் பையன்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். வரும் சனிக்கிழமை ஊசி போடக் கூட்டிப் போகிறோம். ஆட்டோச் செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் கேட்டு வருவோம், ரூமைச் சாத்திக்கொள்ளாதீர்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத நிலைமை என்றால் 1962க்குப் போன் பண்ணுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் அது.

இன்னொரு விஷயம். ரிங்கர் லாக்டேட் இரண்டு பாட்டில் எங்கள் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது. மலையில் யார் வீட்டு நாய்க்காவது டாக்டர் எழுதிக்கொடுத்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காலாவதித் தேதி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செம்மேட்டில் இறங்கி, விட்டத்தில் ஆணி அடித்த வீடு எது என்று கேட்டால் அப்பா பேரைச் சொல்வார்கள்.